பர்சென்ட்டும் குட்டி போடும்

2025 செப்டம்பர் 22 நவராத்திரியின் முதல் நாள். ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியதும் அன்றுதான். அந்த வாரம் தி.நகரில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையின் பில்லிங் கவுன்டரில் நடந்த சின்ன வாக்குவாதம் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வரிசையில் முன்னால் நின்றவருக்கு அறுபதை ஒட்டிய வயது, பக்கத்தில் மனைவி. போன வாரம் வரை வரியோடு 40,000 ரூபாய் என்று அட்டை மாட்டியிருந்த ஒன்றரை டன் ஏசி. புது விலை 36,875 என்று விற்பனைப் பையன் சொன்னதும் அவர் மடக்கினார். "தம்பி, இருபத்தெட்டுல பத்து போனா பதினெட்டு. அப்போ பத்து பர்சென்ட் குறையணும். நாப்பதாயிரத்துக்கு நாலாயிரம். முப்பத்தாறாயிரம்தானே வரணும்? மீதி எண்ணூத்தி எழுபத்தஞ்சு யார் பாக்கெட்டுக்குப் போகுது?" பையனிடம் பதில் இல்லை. "கம்பெனி ரேட் சார், சிஸ்டம்ல அப்படித்தான் வருது" என்றான். சந்தேகத்தோடு நிற்கும் ஆளிடம் சொல்லக்கூடாத பதில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கவுன்டரில் இருந்த பெண்தான் பேச்சைக் கையில் எடுத்தார். ஒரு பழைய பில்லைத் திருப்பி வைத்துப் பேனாவை எடுத்தார். "சார், அந்த நாப்பதாயிரத்துக்குள்ள வரி எவ்ளோ இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க?" அவர் யோசிக்கவே இல்லை. "இருபத்தெட்டு பர்சென்ட். பதினோராயிரத்து இருநூறு." "இல்ல சார். எட்டாயிரத்து எழுநூத்தம்பது." அவர் முகம் சட்டென்று மாறியது. "அப்போ இருபத்தெட்டு பர்சென்ட்னு சொன்னது பொய்யா?" "பொய் இல்ல சார். இருபத்தெட்டுதான். எதோட இருபத்தெட்டு?"

அந்த "எதோட?" என்ற ஒற்றைச் சொல்தான் விஷயம். சதவீதம் தனியாக நிற்கிற எண் இல்லை. ஒவ்வொரு சதவீதத்துக்கும் கீழே ஒரு தொகை உட்கார்ந்திருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு சதவீதங்கள் வரும்போது, முதலாவது அந்தத் தொகையை மாற்றிவிட்டுப் போகிறது, இரண்டாவது வேறொரு தொகையின் மேல் வந்து உட்காருகிறது. நாமோ மேலே தெரிகிற இரண்டு எண்களை மட்டும் பார்த்துக் கூட்டிக் கழிக்கிறோம்.

ஏசியின் வரியில்லா விலை 31,250. அதில் 28 சதவீதம் 8,750. இரண்டும் சேர்ந்து 40,000. புது வரி அதே 31,250-இன் மேல் 18 சதவீதம், அதாவது 5,625. மொத்தம் 36,875. கடைக்காரர் ஒரு பைசாவும் ஒதுக்கவில்லை. பத்து சதவீதம் குறைந்ததும் உண்மைதான். ஆனால் அது 31,250-இன் பத்து சதவீதம், 3,125. பெரியவர் எதிர்பார்த்தது 40,000-இன் பத்து சதவீதம், 4,000. இரண்டுக்கும் நடுவில் தொலைந்த 875 யார் பாக்கெட்டிலும் இல்லை. அடிப்படை மாறியதில் பிறந்த வித்தியாசம் அது.

சேர்ப்பதும் எடுப்பதும் ஒன்றல்ல

28 சதவீதம் சேர்ப்பது என்றால் 1.28-ஆல் பெருக்குவது. சேர்த்ததை எடுப்பது என்றால் 1.28-ஆல் வகுப்பது. 28 சதவீதம் கழிப்பது அல்ல. 40,000-இல் 28 சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள், 28,800 வரும். உண்மையான வரியில்லா விலையைவிட 2,450 குறைவு. சிறு கடைக் கணக்குகளில் ரொம்ப சகஜமாக நடக்கிற பிழை இது. வரியோடு 1,180 ரூபாய்க்கு விற்ற சரக்கின் 18 சதவீத வரியைப் பிரிக்க வேண்டும். 1,180-இல் 18 சதவீதம் கழித்து 967.60 என்று எழுதினால் கணக்கு உதைக்கும். 1,180-ஐ 1.18-ஆல் வகுத்தால் பளிச்சென்று 1,000.

28 சதவீத வரியை முழுதாக எடுத்தால் விலை 40,000-லிருந்து 31,250-க்கு இறங்குகிறது. இந்த இறக்கம் 21.875 சதவீதம்தான். அதன்மேல் 18 சதவீதம் ஏறுகிறது. முதலில் ஓர் இறக்கம், பிறகு ஓர் ஏற்றம், முடிவில் நிகரம் என்ன? பள்ளிக்கூடத்தில் போட்ட அதே கணக்கு. 0.78125-ஐ 1.18-ஆல் பெருக்கினால் 0.921875. ஆகவே விலை குறைந்தது 7.81 சதவீதம். இதைவிடக் குறுக்கு வழி: 1.18-ஐ 1.28-ஆல் வகுத்தால் போதும், பொருளின் விலையே தெரிய வேண்டாம். 12-லிருந்து 5-க்கு இறங்கிய நெய், வெண்ணெய்க்கு 1.05-ஐ 1.12-ஆல் வகுக்க வேண்டும், 0.9375. குறைவு 7 அல்ல, 6.25. 672 ரூபாய் டப்பா 630-க்கு வந்தால் கடைக்காரர் சரியாகத்தான் விற்கிறார். 18-லிருந்து 5-க்கு வந்த சோப்பு, பற்பசை 13 சதவீதம் குறையாது, 11.02 தான். தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 18 அப்படியே பூஜ்யமானது. அங்கேகூட 11,800 கட்டிக்கொண்டிருந்தவர் 10,000 கட்டினால் மிச்சம் 15.25 சதவீதம்.

குட்டி

வட்டிக்கு வட்டி என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். வட்டி குட்டி போடும் என்று பாட்டிகள்கூடச் சொல்வார்கள். நூற்றுக்கு ரெண்டு வட்டி என்று வாங்கியவர் மாதாமாதம் கட்டாமல் விட்டு, அதையும் முதலோடு சேர்த்துக்கொண்டே போனால், வருடக் கடைசியில் 24 அல்ல, 26.8 சதவீதம் ஏறியிருக்கும். இதை உடனே புரிந்துகொள்ளும் அதே மனசு, தள்ளுபடி என்று வரும்போது மட்டும் குட்டியை மறந்துவிடுகிறது. வட்டி மட்டுமல்ல, எந்த பர்சென்ட்டும் இன்னொரு பர்சென்ட்டின் மேல் ஏறினால் குட்டி போடும்.

போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு அந்தச் சூத்திரம் மனப்பாடமாக இருக்கும்: இரண்டு மாற்றங்களையும் கூட்டு, பிறகு இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்து அதையும் சேர். கடைசியில் சேர்க்கிற அந்தத் துண்டுதான் குட்டி. இரண்டும் ஏற்றமானால் குட்டி கூடுதலாக வரும். 10-உம் 10-உம் ஏறினால் 20 அல்ல, 21. இரண்டும் இறக்கமானால் கழித்தலைக் கழித்தலால் பெருக்குகிறோம், குட்டி கூட்டலாக மாறும். 10-உம் 10-உம் இறங்கினால் 20 அல்ல, 19. ஒன்று ஏற்றம் ஒன்று இறக்கமானால் குட்டி எப்போதும் கழித்தல்தான். 20 ஏறி 20 இறங்கினால் பழைய இடத்துக்கு வராது, 4 சதவீதம் கீழே போய் நிற்கும். ஏறியது முதலா, இறங்கியது முதலா என்பது பொருட்டே இல்லை. 10-க்கு இந்த நஷ்டம் 1, 30-க்கு 9, 50-க்கு 25. எண்ணை அதே எண்ணால் பெருக்கி நூறால் வகுத்தால் வந்துவிடும்.

ஆடி மாதம் உஸ்மான் சாலையில் தொங்குகிற "50% + 20%" பலகையை எடுத்துக்கொள்வோம். கண் படிப்பது 70. அந்தக் கூட்டல் குறியை அங்கே போட்டவர் விவரமான ஆள். 2,000 ரூபாய்ச் சேலை 50 சதவீதத்தில் 1,000 ஆகிறது. அடுத்த 20 சதவீதம் இந்த ஆயிரத்துக்குத்தான், ஏற்கெனவே தள்ளிவிட்ட ஆயிரத்துக்குக் கிடையாது. ஆக 800. எழுபது சதவீதம் தள்ளுபடி என்றால் 600-க்குக் கிடைத்திருக்க வேண்டும். வித்தியாசம் 200, தள்ளிய ஆயிரத்தின் 20 சதவீதம். தள்ளுபடி போட்ட குட்டி. அது கடைக்காரர் மடியில் விழுகிறது. உண்மையான தள்ளுபடி 60. இதோடு "கார்டுக்கு மேலும் 10%" சேர்ந்தால் 80 என்று தோன்றும். 0.5, 0.8, 0.9 மூன்றையும் பெருக்கினால் 0.36. அதாவது 64 சதவீதம் தள்ளுபடி. ஆடிக்கு முன்பே விலைச்சீட்டை 40 சதவீதம் ஏற்றிவிட்டு 50 சதவீதம் தள்ளினால், 1.4-ஐ 0.5-ஆல் பெருக்க வேண்டும், 0.7. பாதி விலை என்று வாங்கி வருவது உண்மையில் முப்பது சதவீதத் தள்ளுபடிதான். "ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ" என்பது நூறு சதவீதம் இலவசம்போல் தெரியும், கணக்கில் அது 33.33. மூன்றாவது சட்டை உங்களுக்குத் தேவையா என்பது வேறு கணக்கு.

சூத்திரத்தின் மேல் ஒரு மனக்குறை உண்டு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தாளில் திறனறிவுக்கு 25 கேள்விகள். வேகம் முக்கியம் என்பதால் பயிற்சி மையங்கள் அந்தச் சூத்திரத்தைத்தான் தலையில் ஏற்றுகின்றன. இரண்டு மாற்றம் வரை அது ஓடும். மூன்றாவது வந்தால் முதலிரண்டின் விடையை எடுத்து மறுபடியும் அதே சூத்திரத்தில் போட வேண்டும். அங்கேதான் கூட்டல் கழித்தல் குறி சறுக்கும். மதிப்பெண் போவதும் அங்கேதான். நூறை 1 என்று வைத்துக்கொண்டு, ஏறினால் 1-க்கு மேல், இறங்கினால் 1-க்குக் கீழ் எழுதி, வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போனால் எத்தனை மாற்றம் வந்தாலும் குறி மறக்க இடமே இல்லை. குட்டி தானாக உள்ளே பிறந்து வளர்ந்துகொள்ளும்.

இதைவிடவும் அழகான வழி நம் வீட்டிலேயே இருந்தது. பழைய எண்சுவடிக் கணக்கில் இருபதில் ஒரு பங்குக்கு மா என்று பெயர். அதாவது 5 சதவீதம். இரண்டு மா 10 சதவீதம், நான்கு மா 20, கால் 25, அரைக்கால் 12.5. பதினாறில் ஒன்று மாகாணி, 6.25. மேலே நெய்க்குக் குறைந்ததாகச் சொன்ன 6.25-ஐ நினைவிருக்கிறதா? விலையில் சரியாக ஒரு மாகாணி. பின்னத்தில் யோசிப்பவருக்கு ஏற்ற இறக்கக் கணக்கு விரல் நுனியில் நிற்கும். கால் பங்கு ஏறியது நான்கு பங்கு ஐந்து பங்கானதுதான். ஐந்தில் ஒன்றை எடுத்தால் மறுபடி நான்கு. 25 ஏறி 20 இறங்கினால் பழைய இடம். அரைக்கால் ஏறினால் எட்டு ஒன்பதாகும். திரும்பி வர ஒன்பதில் ஒன்று இறங்க வேண்டும், 11.11. பெட்ரோல் விலை கால் பங்கு ஏறினால் செலவு அதே அளவில் நிற்க வண்டி ஓட்டுவதை ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்பதும் இதே கணக்குதான்.

நகைக்கடையில்

குட்டிகள் அதிகம் மேய்கிற இடம் நகைக்கடை. ஒரு சவரன், எட்டு கிராம். பெருக்க வசதியாக கிராம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். தங்கத்தின் மதிப்பு 80,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் பில்லில் எடை 8.96 கிராம் ஆகிறது, தொகை 89,600. அதன்மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், மொத்தம் 92,288. கூட்டினால் 15 சதவீதம்தானே என்று தோன்றும். வந்திருப்பது 15.36. அந்த 0.36, அதாவது 288 ரூபாய், சேதாரத்துக்குப் போட்ட வரி. கையில் வராத தங்கத்துக்கும் வரி கட்டுகிறோம் என்பதைப் பில்லில் யாரும் தனி வரியாகக் காட்டுவதில்லை. செய்கூலி தனியாக இருந்தால் அதன்மேலும் இதே 3.

இப்போது வாசலில் பெரிய எழுத்தில் "சேதாரத்தில் 25% தள்ளுபடி". இது பர்சென்ட்டின் பர்சென்ட். 12-இல் கால் பங்கு போய் 9 ஆகிறது. பில்: 8.72 கிராம், 87,200, வரியோடு 89,816. முன்பு வந்த 92,288-ஐவிட 2,472 ரூபாய் குறைவு. மொத்தத்தில் இது 2.68 சதவீதம். இருபத்தைந்து என்று உள்ளே போனவருக்குக் கிடைத்தது இரண்டே முக்காலுக்கும் கீழே. பொய் எதுவும் சொல்லவில்லை. 25 சதவீதம்தான். எதோட இருபத்தைந்து? சேதாரத்தோட. இரண்டு கடைகளை ஒப்பிட இந்தப் பலகைகள் உதவாது. அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: எட்டு கிராமுக்கு எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து போகிற தொகை எவ்வளவு? அதை எட்டால் வகுத்து, அன்றைய கிராம் விலையால் வகுத்தால் ஒரே எண் கிடைக்கும். 92,288-க்கு அது 1.1536, 89,816-க்கு 1.1227. தள்ளுபடி 25-ஆ 50-ஆ என்பதைவிட இந்த எண் எந்தக் கடையில் சின்னது என்று பார்ப்பதுதான் வேலை.

திருப்பி விற்கப் போகும்போது என்ன ஆகும்? உருக்கும்போது போகும் கழிவு என்று 2 சதவீதம் பிடித்துக்கொண்டு அதே விலைக்கு எடுத்தாலும் 78,400 தான் வரும். 92,288 போட்ட இடத்தில் 15 சதவீத நஷ்டம். சமமாக வேண்டுமென்றால் தங்கம் 15 ஏறினால் போதாது, 15-உம் 2-உம் சேர்த்து 17 ஏறினாலும் போதாது. 1.1536-ஐ 0.98-ஆல் வகுத்தால் 1.177. 17.7 சதவீதம் ஏற வேண்டும். அதுவரை தங்கம் ஏறுகிறதே என்ற சந்தோஷம் பேப்பரில் மட்டும்தான்.

விழுந்தால் எழ எவ்வளவு

10 சதவீதம் விழுந்தால் எழுந்திருக்க 11.11 வேண்டும். 20-க்கு 25. 25-க்கு 33.33. 50-க்கு 100. 90 விழுந்தால் 900. விழுந்ததை மிச்சத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆழம் கூடக்கூட ஏணி எவ்வளவு நீளமாகிறது என்று பாருங்கள்.

இதற்குப் பங்குச் சந்தையைவிட நல்ல சாட்சி கிடையாது. 2007 கடைசியில் மும்பைச் சந்தையின் குறியீட்டு எண்ணான சென்செக்ஸ் 20,286.99. 2008 கடைசியில் 9,647.31. 52.45 சதவீத வீழ்ச்சி. மறு வருடம், 2009 முடியும்போது 17,464.81. ஒரே வருடத்தில் 81.03 சதவீத ஏற்றம். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 28.6 சதவீத லாபம். சராசரி வருடத்துக்கு 14.3 என்று யாராவது அட்டவணை போட்டுக் காட்டினால் அதில் ஒரு எண்கூடப் பொய்யாக இருக்காது. ஆனால் 20,287-இல் உள்ளே போனவர் 17,465-இல் நிற்கிறார். 13.9 சதவீத நஷ்டம். இங்கே குட்டியின் அளவைப் பாருங்கள், 42.5. மாற்றங்கள் சின்னதாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத குட்டி, பெரிதாகும்போது தாயையே விழுங்கிவிடுகிறது. இரண்டு வருடத்தின் உண்மையான வருட விகிதம் வேண்டுமானால் 0.8609-க்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 0.928, அதாவது வருடத்துக்கு 7.2 சதவீத இழப்பு. மியூச்சுவல் ஃபண்டுகள் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வருமானத்தைச் சி.ஏ.ஜி.ஆர். (கூட்டு வருட வளர்ச்சி விகிதம்) என்ற பெயரில் காட்டுவது இந்த முறையில்தான். வெறும் சராசரி போட்டுக் காட்டுகிறவரிடம் பணம் கொடுக்கும் முன் இருமுறை யோசிக்கலாம்.

வாடகையிலும் இதே ஏணிதான். கொரோனா காலத்தில் சென்னையில் பல வீட்டுக்காரர்கள் வாடகையைக் குறைத்தார்கள். 16,000-இல் 25 சதவீதம் விட்டுக்கொடுத்து 12,000. நிலைமை சரியானதும் "குறைச்ச இருபத்தஞ்சை ஏத்திக்கலாம்" என்று வாய்ப்பேச்சாக முடிவானால் 15,000 தான் வரும். குடித்தனக்காரர் சரியாக 15,000 அனுப்புவார், வீட்டுக்காரர் ஆயிரம் குறைகிறதே என்று போன் போடுவார். இரண்டு பேரும் நியாயஸ்தர்கள், இரண்டு பேரும் 25 என்றுதான் பேசினார்கள். இந்த மாதிரி இடத்தில் சதவீதத்தைப் பேசவே கூடாது. ரூபாயைச் சொல்லி எழுதிவிட வேண்டும்.

கூட்டலாம், சில இடத்தில்

இவ்வளவு படித்ததும் எங்கே சதவீதத்தைக் கண்டாலும் பெருக்க ஆரம்பிப்பவர்கள் உண்டு. அதுவும் தப்பு. அடிப்படை மாறாத இடத்தில் கூட்டல்தான் சரி. ஓட்டல் பில்லில் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று இரண்டு வரி இருக்கும். இரண்டும் சாப்பாட்டு விலையின் மேல்தான், ஒன்றின் மேல் ஒன்று இல்லை. மொத்தம் சரியாக 5, ஒரு மா. குட்டி கிடையாது. ஜிஎஸ்டி வருவதற்கு முன் இப்படி இல்லை. ஆலையில் 12.5 சதவீத கலால் வரி, அது சேர்ந்த விலையின் மேல் தமிழ்நாட்டில் 14.5 சதவீத வாட். கூட்டினால் 27, பெருக்கினால் 28.8. வரிக்கு வரி என்று வணிகர்கள் புலம்பியது அந்த 1.8-ஐத்தான்.

அகவிலைப்படியும் கூட்டல் சாதி. அது எப்போதும் அடிப்படைச் சம்பளத்தின் மேல் கணக்கிடப்படுவது. 2025 ஜூலை முதல் மத்திய அரசு ஊழியர்களுக்கு அது 55-லிருந்து 58 ஆனது. செய்தியில் "3 சதவீத உயர்வு" என்று வந்ததும் சம்பளம் 3 சதவீதம் ஏறியதாகப் பக்கத்து வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். அடிப்படை 50,000 என்றால் அதற்கு முன்பு 77,500, பிறகு 79,000. உயர்வு 1,500. வாங்கிக்கொண்டிருந்த தொகையில் இது 1.94 சதவீதம். ஏறியது மூன்று சதவீதப் புள்ளி, மூன்று சதவீதம் அல்ல. ஆனால் அதே ஜூலையில் 3 சதவீத இன்கிரிமென்ட்டும் சேர்ந்தால் அது அடிப்படையையே தூக்குகிறது. அங்கே பெருக்க வேண்டும். 51,500-ஐ 1.58-ஆல் பெருக்கினால் 81,370. மொத்த உயர்வு 4.99. மூணும் மூணும் ஆறு என்று கணக்குப் போட்டு வீட்டுக் கடனை உயர்த்திவிடக் கூடாது.

கால்குலேட்டரின் சதவீதப் பொத்தானையும் நம்ப வேண்டாம். கடை மேஜையில் இருக்கும் பெட்டியும் கைபேசியில் இருக்கும் செயலியும் அதை ஒரே மாதிரி நடத்துவதில்லை. 20 சதவீதம் கழிக்க 0.8-ஆல் பெருக்குங்கள், எந்தக் கருவியிலும் ஒரே விடை. இடையில் வரும் எண்ணைச் சுருக்காமல் நான்கு தசமம் வரை வைத்துக்கொண்டு கடைசியில் மட்டும் முழுமையாக்குங்கள்.

ரூபாயும் பர்சென்ட்டும் கலந்தால்

வெறும் சதவீதங்கள் மட்டும் இருந்தால் எதை முதலில் போட்டாலும் ஒன்றுதான். "தள்ளுபடி ஜிஎஸ்டிக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். 5 சதவீதம் என்றால் முன்னாடி போட்டாலும் பின்னாடி போட்டாலும் நீங்கள் கொடுக்கும் தொகை மாறாது. ஆனால் நடுவில் ரொக்கமாக ஒரு தொகை நுழைந்துவிட்டால் வரிசை முக்கியமாகிவிடும். வரிக்கு முந்தைய விலையில் 1,000 ரூபாய் குறைத்தால் 18 சதவீத வரியும் சேர்ந்து உங்களுக்கு 1,180 மிச்சம். வரிக்குப் பிறகு குறைத்தால் வெறும் 1,000. 2,000 ரூபாய்ப் பொருளுக்கு 200 ரூபாய் கூப்பனும் 10 சதவீதத் தள்ளுபடியும் இருந்தால், கூப்பனை முதலில் கழித்தால் 1,620, சதவீதத்தை முதலில் கழித்தால் 1,600. வாங்குகிறவருக்கு எப்போதும் சதவீதம் முதலில், ரொக்கம் பிறகு. சதவீதம் பெரிய தொகையின் மேல் உட்கார்ந்தால்தான் பெரிதாகக் கடிக்கும்.

தி.நகர் கவுன்டருக்கே வருவோம். 36,875-ஐப் பெரியவர் ஒப்புக்கொண்டாயிற்று. பேனா இன்னும் அந்தப் பெண்ணின் கையில்தான். பழைய ஏசியைக் கொடுப்பதற்கு 1,500, நவராத்திரித் தள்ளுபடி 5 சதவீதம். எழுதி முடித்து 33,606.25 என்று காட்டினார். பெரியவர் பையிலிருந்து கார்டை எடுத்தார், எடுத்த கை நின்றது.

"ஏம்மா, இந்த அஞ்சு பர்சென்ட் எதோட?"

"எக்ஸ்சேஞ்ச் கழிச்ச பிறகு வர்ற அமவுன்ட்டோட சார். முப்பத்தஞ்சாயிரத்து முன்னூத்தி எழுபத்தஞ்சு."

"பர்சென்ட்ட முதல்ல போடுங்க. ஆயிரத்தைந்நூறை அப்புறமா கழிங்க."

மனைவி, "என்னங்க, போதும், பின்னாடி ஆளு நிக்குது" என்றார். அந்தப் பெண் திரையைப் பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தூரத்திலிருந்தே தலையாட்டினார். 36,875-இல் 5 சதவீதம் போய் 35,031.25, அதில் 1,500 போய் 33,531.25. எழுபத்தைந்து ரூபாய் குறைந்தது, 1,500-இன் ஐந்து சதவீதம். பில் 33,531 என்று அச்சாகி வந்தது. அந்தக் கால் ரூபாய் மட்டும் ரவுண்ட் ஆஃப் என்ற வரியில் தனியாக நின்றது.